கேள்விக்கு நேரமில்லையாம், நன்றியுரைக்கு இருந்ததாம்

ஒரு சட்டச் சொற்பொழிவில் கேள்வி கேட்ட மாணவியைச் சிரித்தே உட்கார வைத்த அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக மறுபடி பகிரப் போவதில்லை. அந்தப் பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது, போதும். நான் அந்த அரங்கில்தான் இருந்தேன், கடைசியிலிருந்து நான்காவது வரிசை. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

வீடியோ நாற்பது விநாடிதான். அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். சர்வதேசச் சட்டம் பற்றிய வருடாந்திரச் சொற்பொழிவு, மூன்று மாலைகள். மூன்றாம் நாள் கடைசி அரை மணி நேரம் கேள்வி பதிலுக்கு என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலும் போட்டுக்கொண்டார்கள். உரை இருபது நிமிடம் நீண்டது. அதில் எனக்குக் குறையில்லை, நல்ல உரை. பிறகு தலைமை தாங்கியவர் ‘உரையைச் சுருக்கமாகத் தொகுத்துச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்துப் பதினெட்டு நிமிடம் பேசினார். மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கப்புறம் ‘நேரமின்மை காரணமாக’ என்ற அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வந்தது.

அப்போதுதான் அந்த மாணவி எழுந்தார். கையில் மைக் இல்லை, குரல் கொஞ்சம் நடுங்கியது. கேட்டது ஒரே ஒரு கேள்வி. ‘ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்றால், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏன் ஹேக் வரை போய் வாதாடின?’ ஆலோசனைக் கருத்து என்பது, ஐ.நா. அமைப்புகள் கேட்கும் சட்டக் கேள்விக்கு ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் சொல்லும் பதில்.

‘அதெல்லாம் முதல் வருஷப் பாடப்புத்தகத்துலயே இருக்கும்மா, படிச்சுட்டு வாங்க’ என்றார் தலைமை தாங்கியவர்.

முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்ததால் பின்வரிசையும் சிரித்தது. அந்தப் பெண் உட்காரும்போது மடியிலிருந்த நோட்டு கீழே விழுந்தது, குனிந்து எடுத்தார், அதன்பின் நிமிரவே இல்லை. வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்து வந்த நன்றியுரை பதினான்கு நிமிடம். ஒலிபெருக்கி அமைத்தவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். கேள்வி கேட்க இடமில்லாத சொற்பொழிவுக்குப் பெயர் விழா. விழா எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுங்கள், நானும் வந்து கைதட்டிவிட்டுப் போகிறேன். ஆனால் அறிவுப் பரிமாற்றம் என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டிவிட்டு, பரிமாற வந்த ஒரே ஒரு ஆளை உட்கார வைக்காதீர்கள்.

சரி, எந்தப் பாடப்புத்தகம்? பருவநிலை மாற்றம் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது 2025 ஜூலை 23 அன்று. இந்த ஆண்டுச் சொற்பொழிவின் பொருளே அதுதான். ஆலோசனைக் கருத்து கட்டுப்படுத்தாது என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்கும், அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டார். கட்டுப்படுத்தாத ஒன்றுக்காக நாடுகள் ஏன் இவ்வளவு பாடுபட்டன என்பதுதான் கேள்வி. மூன்று மாலையும் அரங்கம் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.

அந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்பதையாவது மேடையில் இருந்தவர்கள் யோசித்திருக்கலாம். 2019இல் தெற்குப் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர். கடல் ஏறிக்கொண்டே வரும் தீவுகளின் பிள்ளைகள். உலகத்தின் உச்ச நீதிமன்றம் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதனிடமே கேட்டால் என்ன என்று வகுப்பறையில் ஆரம்பித்தார்கள். தங்கள் பகுதித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்றமும் ஒருமனதாகப் பதில் சொன்னது. தொடக்கத்தில் ‘படிச்சுட்டு வாங்க’ என்று அந்த 27 பேரிடம் யாராவது சொல்லி, அவர்களும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நம் தலைவருக்குப் பதினெட்டு நிமிடம் தொகுத்துப் பேச எதுவும் இருந்திருக்காது.

இன்னொன்று. 2024 டிசம்பரில் அந்த வழக்கின் வாய்மொழி விசாரணை இரண்டு வாரம் நடந்தது. முடிவில் நீதிபதிகளில் நான்கு பேர் கேள்வி கேட்டார்கள், வந்திருந்த தரப்புகளிடம் எழுத்தில் பதில் கேட்டார்கள். அவ்வளவு நாடுகளின் வாதத்தைக் கேட்டு முடித்த பிறகும் அவர்களுக்குக் கேள்வி மிச்சமிருந்தது, அதைக் கேட்க நேரமும் இருந்தது.

இப்போது வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன். ‘கேள்வி என்ற பெயரில் ஆளாளுக்குப் பிரசங்கம் செய்கிறார்கள், அதனால்தான் சீட்டு முறை’ என்பீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். மைக்கைப் பிடித்தால் தன் சுயசரிதையை ஆரம்பிக்கும் ஆட்களை எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது ஒரே வாக்கியம். விஷயம் முடிந்தது.

‘உலகம் முழுக்க இப்படித்தான்’ என்பீர்கள். இல்லை. கேம்பிரிட்ஜில் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் நினைவுச் சொற்பொழிவும் இதே மாதிரி மூன்று உரைகள்தான். அதன்பின் கேள்வி பதிலுக்கென்றே தனி அமர்வு வைப்பது அங்கே வழக்கம். அந்த லாட்டர்பாக்ட் யார் தெரியுமா? குடும்பத்தில் பெரும்பாலோரை நாஜிகளிடம் பறிகொடுத்துவிட்டு, மனித உரிமைச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர். சட்டத்தில் வழி தெரியவில்லை என்று காரணம் சொல்லி ஒரு நீதிமன்றம் வழக்கைத் தீர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1933லேயே வாதாடியவர். இருண்ட இடத்தில்கூடப் பதில் தேட வேண்டும் என்று சொன்ன துறை இது. நாமோ விளக்கு எரியும் அரங்கில் நேரமில்லை என்கிறோம்.

‘அடிப்படை தெரியாதவர்கள் கேள்வி கேட்டால் தரம் குறையும்’ என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். ஐயா, 1997இல் டான்யூப் நதி அணை பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தில் இருந்த இலங்கை நீதிபதி வீரமந்திரி தன் தனிக்கருத்தில் இலங்கையின் பழங்காலக் குளங்களைப் பற்றி எழுதினார். வளர்ச்சியும் வேண்டும், இயற்கையும் நிலைக்க வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய முன்னுதாரணங்களில் ஒன்று குளம், மதகு, வாய்க்கால். இதையே நம் அரங்கில் ஒரு மாணவர் எழுந்து ‘சார், குளம் வெட்டினதும் சர்வதேசச் சட்டமா’ என்று கேட்டிருந்தால் முன்வரிசை எப்படிச் சிரித்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், அந்தச் சிரிப்பை நான் வாங்கியிருக்கிறேன்.

சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டத்தின் முதல் வகுப்பு. ‘சார், ஒரு நாடு தப்பு செய்தால் அதை யார் பிடிப்பார்கள்?’ என்று கேட்டேன். ‘நீ வேணா போலீஸ்ல சேரு’ என்றார் ஆசிரியர். அவ்வளவுதான், வகுப்பு அதிர்ந்தது. அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை என் பெயர் போலீஸ். இன்றும் ஒரு நண்பன் போன் செய்தால் ‘என்ன போலீஸ்’ என்றுதான் ஆரம்பிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் நான் வாய் திறக்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, நான் கேட்டது அந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி என்று. மேலே கட்டளையிட யாரும் இல்லாததால் சர்வதேசச் சட்டம் சட்டமே இல்லை, வெறும் ஒழுக்கநெறி என்று ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832லேயே எழுதிவிட்டார். அதற்குப் பதில் சொல்லியே எத்தனையோ பேர் பேராசிரியர் ஆனார்கள். 1986இல் நிகரகுவா நாடு சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்றது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையில் அதுவே வீட்டோ என்ற தடுப்பு வாக்கைப் போட்டுத் தடுத்தது. அந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தாலே போதும், ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து கேட்டிருப்பேன். எனக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு வரும். ஏற்கனவே இன்பாக்ஸில் வந்துவிட்டது. ‘உங்களை மேடைக்குக் கூப்பிடவில்லை என்ற எரிச்சல்தானே?’ பதினோரு வருடமாக இந்தச் சொற்பொழிவுக்கு வருகிறேன். ஒரு வருடம்கூட யாரும் என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நாற்காலி போதாத வருடம் நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். மேடை எனக்கு வேண்டாம். நான் பெரிய சட்ட நிபுணர் என்று எங்கும் சொல்லிக்கொண்டதில்லை, பிழைப்புக்கு நான் பார்ப்பது வாடகை வழக்கும் காசோலை வழக்கும்தான். வருடத்தில் மூன்று மாலை அதிலிருந்து வெளியே வந்து, உலகம் எப்படி ஓட வேண்டும் என்று யாராவது பேசுவதைக் கேட்க ஆசை. அதுவும் தப்பு என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்த வருடம் வரவில்லை.

எரிச்சல் இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, வாசல் மேசையில் அந்தச் சீட்டு டப்பா இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை, ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் வழியாக மேலே கிடந்த சீட்டில் நீல மையில் என் கையெழுத்து தெரிந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அன்றுதான் ஒரு கேள்வி எழுதிப் போட்டிருந்தேன். அந்தப் பெண் கேட்டதும் நான் எழுதியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் எழுந்து நின்றபோது நானும் எழுந்து ‘எனக்கும் அதே கேள்விதான்’ என்று சொல்லியிருக்கலாம். கடைசியிலிருந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.