ஒரு சட்டை துவைக்க இவ்வளவு பாடா?

வெளிநாடு போனால் சாப்பாட்டுக்குக்கூட வழி பிறந்துவிடுகிறது, அழுக்குத் துணிக்குத்தான் விடிவே இல்லை. பாரிஸ் ஹோட்டலில் உருப்படிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி சாக்ஸ் துவைக்கிற காசில் புதுசே வாங்கிவிடலாம். உள்ளாடைக்கும் தனி ரேட்! மனசாட்சியே கிடையாதா?

சரி, தெருமுனை லாண்டரிக்குப் போனால் ஆளே இல்லை. சுவரில் ஒரு பெட்டி. சில்லறை மட்டும் வாங்கும், மீதி தராது. கையில் இருப்பதோ 50 யூரோ நோட்டு. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ட்ரையர் வேறு பத்துப் பத்து நிமிடமாகக் காசைத் தின்கிறது, ஆனால் ஜீன்ஸின் இடுப்புப்பட்டியும் பாக்கெட்டின் உட்துணியும் அப்போதும் சொதசொதவென்று ஈரம். அறையிலேயே அலசிக்கொள்ளலாம் என்றால் ஜன்னலில் துணி தொங்கக்கூடாதாம். அப்புறம் எங்கேதான் ஐயா காயப்போடுவது?