பாட்டியின் கண்ணாடியும் 10.0 சென்டிமீட்டரும்

மகள் பத்தாம் வகுப்பு. போன வாரம் அறிவியல் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டுமென்று இரவு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். குவிலென்சின் குவியத் தொலைவு, அதாவது வெகுதூரப் பொருளின் பிம்பம் லென்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறது என்று காணும் செய்முறை. அட்டவணையில் 9.9, 10.0, 10.1. சராசரி 10.0 செ.மீ.

"யார் அளந்தது?" என்று கேட்டேன்.

"அளக்கலப்பா. லென்ஸ் ரெண்டுதான் இருக்கு. போன வருஷத்து அக்கா நோட்டைப் பார்த்து எல்லாரும் எழுதிட்டோம்."

ஒளிக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. செய்முறை என்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். அதுதான் மனதை அறுத்தது.

பாடத்திட்டத்தில் சரக்கு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023-ல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்தது. 2019-ல் வந்த நம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இரண்டுமே தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, பிள்ளை கற்றுக்கொண்டு வருவது வேறு. விடை முதலில், அளவு பிறகு என்று கற்றுக்கொண்டு வருகிறாள்.

சனிக்கிழமை மதியம் பாட்டியின் படிக்கும் கண்ணாடியை எடுத்தோம். பவர் பிளஸ் 2.5. லென்சின் திறன் என்றால் மீட்டரில் சொன்ன குவியத் தொலைவின் தலைகீழி என்று அவளுக்கு மனப்பாடம். கணக்கெல்லாம் போட்டிருக்கிறாள். ஆனால் கண் டாக்டர் சீட்டில் எழுதும் எண்ணும் அதுதான் என்பது அன்றுதான் தெரிந்தது. சட்டென்று கணக்குப் போட்டு, "40 சென்டிமீட்டர் வரணும்" என்றாள்.

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் காகிதத்தை ஒட்டி, கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் துல்லியமாக விழுந்தன. டேப் வைத்து அளந்தால் 46. மறுபடி அளந்தாள், மறுபடியும் 46. "தப்பா வருதுப்பா" என்று முகம் வாடிவிட்டது.

இன்னும் கொஞ்சம் சுவருக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். கம்பிகள் மங்கின. அவற்றுக்குப் பின்னால் எதிர்வீட்டுத் தென்னை, மட்டை ஆடுவது உட்பட, தலைகீழாகத் தெளிந்தது. அளந்தால் 41. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "ஜன்னல் பத்தடிதான் இருக்கு. அது தொலைவுப் பொருளே இல்லப்பா!"

புத்தகத்தில் 'தொலைவில் உள்ள பொருள்' என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த 46 தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ரெக்கார்டில் அது வந்திருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லியிருப்பார்கள்.

காற்றில் இருக்கும் ஆர்கான் வாயு கிடைத்ததே இப்படி ஒத்துவராத அளவினால்தான். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. அதை அளந்த இயற்பியலாளர் ரேலே பூசி மெழுகவில்லை. காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று 1892-ல் பத்திரிகைக்கே எழுதிக் கேட்டார். 1894-ல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் காற்றின் நைட்ரஜனோடு கலந்திருந்த ஆர்கானை அறிவித்தார்கள், 1904-ல் இருவருக்கும் நோபல். நம் பிள்ளைகள் 18-ஆம் தொகுதி, மந்த வாயு என்று ஒரு மதிப்பெண்ணுக்கு அதைப் படிக்கிறார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இரண்டு லென்ஸ், முடிக்க வேண்டிய போர்ஷன். அவர்கள் என்னதான் செய்வார்கள்? ஆனால் செய்முறைக்கு 25 மதிப்பெண் வைத்திருக்கிறோம். அதில் ஒரு ஐந்தையாவது, 'உன் அளவு ஏன் இப்படி வந்தது?' என்ற ஒரு கேள்விக்கு ஒதுக்குங்கள். அக்கா நோட்டைப் பார்த்து அதற்கு எழுத முடியாது.

ரெக்கார்டில் 10.0 அப்படியே இருக்கிறது. கையெழுத்தும் வாங்கிவிட்டாள். 46-ஐயும் 41-ஐயும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் ஜன்னலையும் தென்னையையும் வரைந்து வைத்திருக்கிறாள். மதிப்பெண் போட வேண்டியது அந்தப் பக்கத்துக்கு.