பொய்க்கறி வேண்டாம், வெந்த பயறு கொடுங்கள்

பாமாயிலில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். வனஸ்பதி டப்பாவிலும் இருக்கும். சர்க்கரையும் சாயமும் கலந்த கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் இருக்கும். கறி, மீன், முட்டை உள்ளே இல்லை என்பதைத் தவிர அந்தப் புள்ளிக்கு வேறு அர்த்தம் கிடையாது. 2022-இல் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறையே வந்தது. இலை முளைத்த பச்சை ‘வி’ முத்திரை. அதுவும் பால்கூட இல்லை என்று சொல்லுமே தவிர, உடம்புக்கு நல்லது என்று சொல்லாது. அதனால் ஒரு கம்பெனி ‘பிளான்ட் பேஸ்டு’ (தாவர உணவு) என்று பெரிதாக எழுதி ஒரு பாக்கெட்டை நீட்டினால் எனக்கு முதலில் கை போவது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான்.

சண்டைக்கு வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கறி சாப்பிடாதே என்கிற பதிவு இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அசைவம், நானும்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் “நீங்க சைவம்தானே?” என்று சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கிற ஊரில் அந்தப் பேச்சின் பக்கமே நான் போகமாட்டேன். ஆனால் அசைவ வீட்டிலும் வாரத்தில் நாலைந்து நாள் சோறும் குழம்பும்தானே? அந்த நாலைந்து நாள் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் என் கவலை.

சோறு விழுகிறது. அதிகமாகவே விழுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு வேண்டிய கலோரியில் 45 சதவீதம் அரிசி, கோதுமை போன்ற தானியத்திலிருந்து வந்தால் போதும். இந்தியாவில் 50 முதல் 70 சதவீதம் வரை வருகிறது. பருப்பு, பயறு, கறி, மீன் எல்லாம் சேர்த்து 14 சதவீதம் வர வேண்டும். வருவது 6 முதல் 9. ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் 85 கிராம் பருப்பு, பயறு வேண்டும், கறி முட்டை உண்டென்றால் அதையும் சேர்த்து. நாலு பேர் இருக்கும் வீட்டில் சாம்பாருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம் தேறும். மிச்சம் 60 கிராமுக்கு எங்கே போவது? நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னபோது எல்லோரும் இனிப்பைத் திட்டினோம். மூணு வேளையும் குவித்து வைக்கிற சோற்றை, இட்லியை யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

பயறு நமக்குத் தெரியாத பொருளா? தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, உளுந்தங்களி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குழம்பு, ஒரு சுண்டல். புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்து ஆனது. சோற்றுப் புரதத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் சோற்றில் இருக்கிறது. பொங்கலையும் இட்லியையும் கண்டுபிடித்தவர்களுக்கு அமினோ அமிலம் தெரிந்திருக்காது, ஆனாலும் கணக்குச் சரியாக வந்துவிட்டது. இத்தனை இருந்தும் பயறு தட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் நேரம். கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும். முந்தைய ராத்திரி பத்தரை மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது அது ஞாபகம் வர வேண்டும். வந்தாலும், கடைக்காரர் போன வருஷச் சரக்கைத் தள்ளிவிட்டிருந்தால் பத்து விசிலுக்கும் நறுக் நறுக்கென்றுதான் இருக்கும். கேஸ் வேறு. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணின் அடுப்பில் இதற்கு இடமில்லை. பிஸ்கட்டும் நூடுல்ஸும் உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

“ராத்திரியே ஊறப்போட்டா வேல முடிஞ்சுதே” என்று கமெண்ட் போடத் தயாராக இருக்கும் அண்ணன்மார்கள், உங்கள் வீட்டில் ஊறப்போடுவது யார் என்று உள்ளே ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து போடவும்.

ஆக, உணவு தயாரிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை கண்முன்னே கிடக்கிறது. ஊறவைப்பதையும் வேகவைப்பதையும் எங்கள் தலையிலிருந்து இறக்குங்கள். அதைச் செய்தார்களா? சோயாவையும் பட்டாணிப் புரதத்தையும் போட்டு, கறி மாதிரி நார் வரவைத்து, கறி மாதிரி வாசனை ஏற்றி, கறிக்கோழி ஒரு கிலோ விற்கிற விலைக்குக் கால் கிலோ பாக்கெட் கொண்டுவந்தார்கள். இதை யார் வாங்குவார்? கறி பிடித்தவன் கறியே வாங்குவான். கறி பிடிக்காதவனுக்குக் கறி மாதிரி இருப்பதே பிரச்சினை. அமெரிக்காவிலேயே இது ஓடவில்லை. அங்கே பொய்க்கறி விற்கிற பியாண்ட் மீட் கம்பெனியின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்குச் சந்தைக்கு வந்து, மூன்றே மாதத்தில் 200 டாலரைத் தாண்டி எகிறியது. 2025 அக்டோபர் நடுவில் ஒரு டாலருக்கும் கீழே போனது.

இத்தனைக்கும் நம்மிடம் ஓடிய உதாரணம் ஒன்று உண்டு: மீல்மேக்கர். சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற மாவை அழுத்தி உருண்டையாக்கியது. காய்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று எவரும் விளம்பரம் செய்யவில்லை. சின்ன பாக்கெட்டாகப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கியது, வெந்நீரில் போட்டால் பத்து நிமிஷத்தில் தயார், ஹாஸ்டல் பிரியாணியிலிருந்து கல்யாண வீட்டுக் குருமாவரை போய்விட்டது. விலையும் நேரமும் சரியாக அமைந்தால் நம் ஜனங்கள் தாவரப் புரதத்தை எந்தப் பிரச்சாரமும் இல்லாமல் சாப்பிடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே வழியில் மொச்சையும் தட்டைப்பயறும் வரலாம். உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, பையில் அடைத்து, 121 டிகிரி ஆவியில் கிருமி நீக்கினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. ரிட்டார்ட் பை என்பார்கள். மைசூர் ராணுவ உணவு ஆய்வகம் எல்லையில் இருக்கும் சிப்பாய்களுக்காக இந்த முறையில் புலாவ், பருப்பு என்று எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறது. கம்பெனிகளும் இதை வைத்திருக்கின்றன; ஆனால் அதில் பன்னீர் பட்டர் மசாலாதான் வருகிறது, எண்ணெய் மிதக்க. வெறும் வெந்த கொண்டைக்கடலை வேண்டும் என்றால் சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டு டின் ஒன்று ஓரமாக நிற்கும், விலையைப் பார்த்துவிட்டு நாமும் ஓரமாக நகர்ந்துவிடுவோம். 200 கிராம் வெந்த தட்டைப்பயறு இருபது, இருபத்தைந்து ரூபாய்க்கு அண்ணாச்சி கடையில் கிடைத்தால் கடுகும் தேங்காயும் நான் போட்டுக்கொள்ள மாட்டேனா? மசாலாவை எங்கள் கைக்கு விட்டுவிடுங்கள். அது வீட்டுக்கு வீடு மாறும்.

அடுத்து இட்லி மாவு. தமிழ்நாட்டில் மிகப் பெரிய தாவர உணவுத் தொழில் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆட்டுகிற வேலையை எங்கள் கையிலிருந்து எடுத்தது இந்தக் கடைகள்தான், கோடிப் புண்ணியம். ஆனால் கவரில் உளுந்து எவ்வளவு? வீட்டில் நாலுக்கு ஒன்று போடுவோம். கடையில் ஆறுக்கு ஒன்றோ எட்டுக்கு ஒன்றோ, அது அவருக்கும் கிரைண்டருக்கும் மட்டும் தெரியும். உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாகும். அதைச் சமாளிக்கப் பழைய சோறு, ஜவ்வரிசி, கடைசியில் ஆப்பசோடா. பஞ்சு மாதிரி வரும். உளுந்தில் நூற்றுக்கு 24 பங்கு புரதம், அரிசியில் ஏழெட்டுதான். அரிசியைக் கூட்டக் கூட்ட நாம் சாப்பிடுவது ஆவியில் வெந்த சோறு.

எங்கள் தெரு மாவுக்கடை அண்ணனிடம் இதைக் கேட்டேன். ஒளிக்கவில்லை. “நாலுக்கு ஒண்ணு போட்டா கவர் அறுபது ரூவா சொல்லணும்மா. நீங்க எதிர்க்கடைல நாப்பதுக்குக் குடுத்தா அங்கதான போவீங்க?” என்றார். நியாயம்தான். அதனால்தான் எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து என்று கவரில் போடச் சொல்கிறேன். நாற்பதுக்கும் அறுபதுக்கும் வித்தியாசம் உளுந்து என்று தெரிந்தால் அறுபது கொடுக்க ஆள் இருக்கும். தெரியாதவரை எல்லோரும் நாற்பதுக்குத்தான் போவோம்.

அந்த உளுந்து எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு கதை. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மர் உளுந்து. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும், கால் வைத்தால் தடம் பதியணும், தண்ணீர் நிற்கக்கூடாது. நெல்லை அறுக்கும்போதே முளைத்து நிற்கும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மாசி மாதப் பனியுமே போதும், எழுபது நாள் சுமாருக்குக் காய் பறித்துவிடலாம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது, அடுத்த போக நெல்லுக்கு யூரியா கொஞ்சம் மிச்சம். நிலைத்த, நீடித்த என்றெல்லாம் அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது எங்கள் வயலில் தை மாசியில் சும்மா நடந்துகொண்டிருந்த காரியம்.

இப்போது குறைந்துவிட்டது. நெல் அறுக்க மெஷின் இறங்குகிறது. சக்கரத்தடியில் முளைத்த பயறு நசுங்கிப்போகிறது. கையால் அறுக்க ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. பறித்த உளுந்தை யார் எடுப்பார், என்ன விலைக்கு எடுப்பார் என்பதும் நிச்சயமில்லை. அதனால் தரிசாகவே போட்டுவிடுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நல்ல ரகங்கள் கொடுத்திருக்கிறார்கள். விதைக்குப் பஞ்சமில்லை, வாங்குகிற கைதான் இல்லை. தினமும் டன் கணக்கில் மாவு அரைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேனில் அனுப்புகிற பெரிய தயாரிப்பாளர்கள் மார்கழியிலேயே விலை பேசி, முன்பணம் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு விதைக்கிற கருவிக்கும் வாடகை உதவி செய்தால் எத்தனை ஏக்கர் திரும்பும்! பூமிக்காக நூறு மரம் நட்டோம் என்று போஸ்டர் அடிப்பதைவிட இது அவர்கள் தொழிலுக்கே லாபம்.

சிறுதானியத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு கடையில் ராகி, தினை, வரகு என்ற எழுத்து இல்லாத அலமாரியே இல்லை. போன வாரம் ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். முன்பக்கம் கதிர் படம், மண் நிறம், சணல் சாக்கு மாதிரி டிசைன். பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் படித்தால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், அதற்கும் கீழே ராகி மாவு, பக்கத்தில் ஒற்றை இலக்க சதவீதம். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் பெருமை பேசுகிற பொருளின் சதவீதத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். சட்டப்படி எல்லாம் சரி. மைதா பிஸ்கட் என்று பேர் வைத்திருந்தால் இன்னும் சரி. தினை, சாமை அரிசியையும் வெள்ளை வெளேரென்று தீட்டித் தருகிறார்கள். தவிடு மாட்டுக்குப் போகிறது, நார்ச்சத்தும் கூடவே போகிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் தீட்டுகிறோம் என்கிறார்கள். உண்மைதான். அப்படியென்றால் சின்ன பாக்கெட்டாக, அரைத்த தேதி போட்டு, சீக்கிரம் விற்றுத் தீருங்கள்.

சிப்ஸையும் பிஸ்கட்டையும் முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை, நானும் திங்கிறேன். முன்பக்கத்தில் உப்பு அதிகம், சர்க்கரை அதிகம் என்று எச்சரிக்கை போடுங்கள் என்கிறேன். சிலியில் 2016-இலிருந்து கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் புரியும். இங்கே 2022-இல் ஒரு விதி வரைவு வந்தது, அதில் எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திர மதிப்பெண். ஒரு நட்சத்திரம் வாங்கின சிப்ஸுக்கும் ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருக்கும். கம்பெனிகள் நட்சத்திரத்தைத்தான் விரும்பும் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பால்கூடத் தொடாத முழு வீகன் நண்பர்களுக்காக ஒரு வரி: பி12 வைட்டமின் செடியிலிருந்து கிடைக்காது. ஆர்கானிக், பாரம்பரியம் என்று எது எழுதியிருந்தாலும் கிடைக்காது. அவர்களுக்கென்று பாதாம் பானம் விற்கிற கம்பெனிகள் பி12 சேர்த்து, எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். லிட்டர் இருநூறு முந்நூறு வாங்கிக்கொண்டு அதையும் செய்யவில்லை என்றால் பாக்கி இருப்பது தண்ணீரும் கொஞ்சம் பாதாமும்தான்.

பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் படிக்கப்போவதில்லை. ஆனால் என் நட்பு வட்டத்தில் சத்துமாவு அரைத்து விற்கிற மகளிர் குழு அக்காக்கள் இருக்கிறார்கள், மாவுக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அக்கா, உங்கள் கவரில் ராகி எவ்வளவு, பயறு எவ்வளவு, பொட்டுக்கடலை எவ்வளவு என்று கிராம் கணக்கில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சர்க்கரை போட்டிருந்தால் அதையும். ஏற்கெனவே அப்படி அளவு போட்டு விற்கும் மாவுக்கடை, சத்துமாவுக் குழு உங்கள் ஊரில் இருந்தால் ஊர்ப் பேரோடு கமெண்டில் எழுதுங்கள். வெந்த பயறு பையில் போட்டு விற்பவர் யாராவது இருந்தால் முதல் ஆர்டர் என்னுடையது.