479 என்று தொடங்கினால் அசல் சாமானா?

"பார்கோட் 479இல் தொடங்கினால் இலங்கையில் செய்த அசல் சாமான், பயப்படாமல் வாங்குங்க" என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் பிழை. அந்த இலக்கத்தை எடுத்த நிறுவனம் இலங்கையில் பதிந்தது என்பதை மட்டும்தான் 479 சொல்கிறது, பொருளை எந்த நாட்டிலும் செய்திருக்கலாம். அதோடு பெட்டியையே அப்படியே அச்சடிக்கிற போலிக்காரனுக்கு அந்தக் கோடுகளைப் பிரதி எடுப்பது ஒரு வேலையே இல்லை. முகத்துக்குப் பூசும் கிறீமைக்கூட இதை நம்பி வாங்குகிறார்கள், அதுதான் கவலை.

சரி, எதைப் பார்ப்பது? தொகுதி இலக்கமும் (Batch No.) காலாவதித் திகதியும் பெட்டியிலும் உள்ளே போத்தலிலும் ஒன்றா, திகதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா. பற்றுச்சீட்டு தராத இடத்தில் வாங்கவே வேண்டாம். சந்தேகமென்றால் பெட்டியை எறியாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.