‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு?

ஆங்கிலத்தில் ‘நான் போகவில்லை’ என்பதற்கு ‘ஐ டிட் நாட் வென்ட்’டாம்! இறந்தகாலத்தை ‘டிட்’ ஒற்றை ஆளாகச் சுமக்கிறதே, பின்னால் வெறும் ‘கோ’ வந்தால் போதாதா? எத்தனை தடவைதான் தலையில் அடித்துக்கொள்வது? ‘ஹேவ்’ வந்தால் வினையின் மூன்றாவது வடிவம்: ‘ஹேவ் கான்’, ‘ஹேவ் ஈட்டன்’, ‘ஹேவ் ரிட்டன்’. ஊரே ‘ஹேவ் வென்ட்’, ‘ஹேவ் ரோட்’ என்கிறது. ‘புட்’, ‘கட்’ மூன்று வடிவத்திலும் அசையாது. அதற்கும் ‘புட்டட்’, ‘கட்டட்’ என்று வால் ஒட்டியாகிறது.

ஆங்கிலம் மட்டும் யோக்கியமா? ‘கோ’வின் இறந்தகாலமே வேறொரு வினையிடம் வாங்கிய கடன். ‘ரீட்’ எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் ‘ரெட்’. ‘லை’ என்றால் படு, அதன் இறந்தகாலம் ‘லே’. ‘லே’ என்றாலோ கிடத்து, அதற்கு ‘லெய்ட்’. பொய் சொல்லும் ‘லை’க்கு ‘லைடு’. யாரப்பா உட்கார்ந்து யோசித்தது?