பூட்டை உடைத்தால் கொள்ளையா?

"வெளியூர் சென்றிருந்தவர் வீட்டில் பூட்டை உடைத்து நகை கொள்ளை." இப்படி ஒரு செய்தி கண்ணில் படாத நாள் குறைவு. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆளில்லாத வீட்டில் நடந்தது திருட்டு, கொள்ளை வேறு. தெஃப்ட், ராபரி, டெகாய்டி, பர்க்லரி என்று ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் "எல்லாம் ஒன்றுதான்" என்றே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

பஸ் நெரிசலில் ஒருவருடைய பர்ஸை அவர் அறியாமல் உருவினால் அது தெஃப்ட், அதாவது திருட்டு. அவர் சட்டென்று கையைப் பிடிக்க, பர்ஸை விட மனமில்லாமல் திருடன் கத்தியைக் காட்டினால் அந்த நொடியிலேயே அது ராபரி, அதாவது கொள்ளை ஆகிவிடுகிறது. பர்ஸைக் கீழே போட்டுவிட்டு, தப்பித்தால் போதும் என்று அவரை அடித்துத் தள்ளிவிட்டு ஓடினால்? அப்போது ராபரி ஆகாது. திருட்டு ஒரு குற்றம், அடித்தது இன்னொரு குற்றம். அடித்தது எதற்காக என்று சட்டம் கேட்கிறது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை; ராபரிக்கு 10 ஆண்டு வரை; அதுவே இரவில், நெடுஞ்சாலையில் என்றால் 14 ஆண்டு வரை.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெகாய்டி, அதாவது கூட்டுக்கொள்ளை. கூட நின்று உதவியவரும் அந்த எண்ணிக்கையில் சேர்வார். தண்டனை ஆயுள் சிறை வரை போகும். அதனால்தான் 'கும்பல்' என்று மொட்டையாக எழுதும் செய்தியாளர்கள் மீது எனக்குக் கோபம். நான்கு பேரா, ஐந்து பேரா என்பதில் ஒருவனுடைய ஆயுளே அடங்கியிருக்கிறது.

பர்க்லரி இங்கிலாந்துச் சட்டத்தில் தனிக் குற்றம். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருடும் எண்ணத்தோடு கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்தாலே போதும். பூட்டும் உடைய வேண்டாம், பொருளும் போக வேண்டாம். நம் சட்டம் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளாமல் 'ஹவுஸ் பிரேக்கிங்' என்றது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் அதற்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விடுவது. கன்னம் வைப்பது என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். காவல் துறையினர் இன்றும் 'கன்னக்களவு' என்றே எழுதுகிறார்கள். இவ்வளவு அருமையான சொல் கையில் இருக்கும்போது பத்திரிகைகள் ஏன் அதைத் தொடுவதில்லை?

கழுத்தில் கத்தி வைக்கப்பட்ட பெண்ணுக்கும், ஊரிலிருந்து திரும்பி வந்து திறந்து கிடக்கும் பீரோவைப் பார்த்தவருக்கும் ஒரே சொல்லைப் போடுவது பெரிய அநியாயம். அந்தப் பெண் அனுபவித்தது செய்தியில் இல்லாமலே போய்விடுகிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு, அதாவது சங்கிலி போன்றவற்றைச் சட்டென்று பிடுங்குவது, தனிக் குற்றமாகச் சேர்ந்திருக்கிறது. பிரிவு 304, தண்டனை 3 ஆண்டு வரைதான். சங்கிலியோடு இழுக்கப்பட்டு, வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்த பெண்கள் எத்தனை பேர்! உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே வாங்கலாம். வாங்கிப் பிரிவைப் பாருங்கள். 304 மட்டும் இருந்தால், காயத்தைச் சொல்லி, ராபரிக்கான 309ஐயும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.