அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை

சில மாதங்களுக்கு முன் எங்கள் கடற்கரையில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பொன்னாடை போர்த்திய பிறகு, மைக் பிடித்தவர் என்னை அறிமுகப்படுத்தினார். "கடலில் பாசி எடுக்கும் ஒரு ஏழைத் தாயின் மகள், தன் சொந்த முயற்சியால் இன்று அரசு வேலையில் இருக்கிறார்." ஒரே கைதட்டல். என் பெயரை நாலு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த ஏழைத் தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று மேடையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா பாம்பன் பக்கம் தென்கடலில் சின்ன வயதிலிருந்தே பாசிக்குப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூழ்கி, கடலுக்கடியில் பாரில், அதாவது பாறைத் திட்டில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி வருவார். பாறை கிழித்த தழும்பு இரண்டு கையிலும் இருக்கிறது. காற்று திரும்பப் போவதை அடுப்புப் புகை சாய்கிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். கருவாடு ஆகாது. எங்கள் தெருவில் கருவாடு சாப்பிடாத ஒரே ஆள் அவர்தான். வியாபாரி பாசியை எடை போடும்போது அம்மா தராசைப் பார்க்க மாட்டார், வியாபாரியின் கையைத்தான் பார்ப்பார். ஒரு வசதியான வீட்டுக் கல்யாணத்தில், பாசிக்குப் போகிற பொம்பளைகள் எல்லாம் வழக்கம்போல ஓரமாகத் தரையில் உட்கார, அம்மா மட்டும் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போது பத்து வயது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒரு ஆளைத்தான் 'ஏழைத் தாய்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் தனித்தன்மையும் ஒரு சொத்துதான். நிலம் மாதிரி, படகு மாதிரி, அதுவும் சிலர் கையில் மட்டும் இருக்கிறது. காசு இருக்கிறவருக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு. "அவர் ஒரு மாதிரி ஆளு, காபி கொஞ்சம் சூடு குறைஞ்சாலும் தொடமாட்டார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதையே கூலிக்குப் போகிறவன் செய்தால் திமிர். டிவியில் கீழே ஓடுகிற வரியைப் பாருங்கள்: "ராமேஸ்வரம் மீனவர்கள் 12 பேர் கைது." அந்தப் பன்னிரண்டுக்குள் ஒரு தடவை என் மாமாவும் இருந்தார். சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டு போனாரா என்று தெரியாமல் அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் பன்னிரண்டு என்று எண்ணவில்லை. ஒரு ஆளைத்தான் தேடினோம்.

ஏர்வாடியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி இல்லங்களை மூடினார்கள், உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. எல்லாம் சரி. ஆனால் மனம் கலங்குவது பணக்காரருக்கும் வரும். அவருக்குத் தனி அறை கிடைக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டாக்டர் கிடைப்பார், அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுச் செய்ய ஒரு ஆள் கிடைப்பார். இல்லாதவருக்குக் கிடைத்தது சங்கிலி. ஒவ்வொருவரின் மனதும் வேறுவேறு விதமாகக் கலங்கியிருக்கும், கட்டியது மட்டும் ஒரே விதமாக.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், நல்ல மனிதர், டீ குடிக்கும்போது சொன்னார்: "எல்லாரையும் சமமாக்கணும்னு கிளம்பினா எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிடுவாங்க. தனித்திறமைக்கு மதிப்பே இருக்காது." பலர் இதை நம்புகிறார்கள். அவரை நம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் போல இருந்தது. ஒரே அச்சில் வார்க்கிற வேலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைச் செய்வது இல்லாமைதான். எட்டாவதோடு நின்ற பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரி விசைப்படகுக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒரே மாதிரி நண்டுக் கம்பெனிக்குப் போகிறார்கள், தலையில் ஒரே தொப்பி, கையில் ஒரே உறை. யாருக்கு எது வரும் என்று யாரும் கேட்பதில்லை.

என் சித்தி மகனுக்குப் படம் நன்றாக வரும். கரியை எடுத்துச் சுவரில் வரைந்தால் கடல் நாரை பறந்துவிடும் போல இருக்கும். சித்தப்பா படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார், உடம்பு முடியாமல் படுத்துவிட்டார், கடனுக்குத் தம்பி போனான். அவ்வளவுதான் கதை. பிடித்த மீனை விற்று, டீசல் கழித்து, ஐஸ் கழித்து, படகுக்கான பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் ஆட்களுக்கு. அதிலும் முன்பணம் கழியும். 2001இல் 45 நாளாக வந்த மீன்பிடித் தடைக்காலம் 2017இல் இருந்து 61 நாள், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. மீன் பெருக அது தேவைதான், நான் மறுக்கவில்லை. அந்த நாட்களில் முதலாளி படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிறார். தம்பி வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். நாரை வரைந்து இருபது வருடம் ஆகிறது.

"கலாமைப் பாருங்கள்" என்று உடனே சொல்வார்கள். பார்க்கிறேன். 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்து 2002இல் குடியரசுத் தலைவர் ஆனவர். பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அவரை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள், அவரே சொன்னதை விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர் அவரை நண்பன் பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்த நண்பனின் அப்பா, கோயில் குருக்கள், ஆசிரியரைக் கூப்பிட்டுத் தட்டிக் கேட்டார். சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜோஹரா தன் நகையை அடகு வைத்தார். கேள்வி கேட்க ஒரு ஆளும் அடகு வைக்க ஒரு நகையும் இருந்தன. என் தம்பிக்கு இரண்டும் இல்லை. அவன் முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன்.

என்னையும்தான் சொல்கிறேன். 'சொந்த முயற்சி' என்று மேடையில் சொன்னார்களே, என் தேர்வுக் கட்டணம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பறித்த பாசி.

'கூட்டம்' என்று நாம் நினைக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. பிறகு கெடுபிடி கூடியது, பாசிக்குப் போன பெண்கள் சொந்தக் கடலிலேயே திருடிகள் போல நடத்தப்பட்டார்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்து பேசித் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் கடலை விட்டுவிடுவது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டைப் பேசி முடிக்க எத்தனை பேர் எத்தனை விதமாகச் சண்டை போட்டிருப்பார்கள்! ஒருத்திக்கு வீட்டில் குடிகாரப் புருஷன், ஒருத்திக்கு வட்டிக்கடன், ஒருத்திக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஒவ்வொருத்தியும் தன் கணக்கைச் சொல்லி, அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமத்துவம் என்று நான் கேட்பது இதைத்தான். எல்லோர் கணக்கையும் காதில் வாங்க வேண்டும்.

அப்படியும் நம் மொழியில் மீனவர் என்றால் ஆண்தான். கடலில் மூழ்கி வேலை செய்கிற என் அம்மாவை 'மீனவப் பெண்' என்கிறோம், மீனவன் வீட்டுப் பெண் என்கிற அர்த்தத்தில்.

அம்மாவின் பெயரை இங்கேயாவது எழுதிவிடலாம் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "ஊருக்கே தெரியுற மாதிரி எதுக்கு? எனக்குப் பிடிக்கல." அதனால் எழுதவில்லை.

பள்ளியிலிருந்து போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள், வழிகாட்டி நிகழ்ச்சியில் பேச. நான் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். "அவங்க என்ன பேசுவாங்க மேடம்?" என்றார் அந்தப் பக்கம். கடலைப் பற்றி, தராசைப் பற்றி, அந்த 12 நாளைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் சரி என்றார். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக்கு? பாசிக்குப் போற நாளா இருந்தா நான் வரமாட்டேன், அவங்கள மாத்திக்கச் சொல்லு."